கொக்கு பார்க்க வந்தவர்

அறுபத்துமூன்று வயதில் ஒருவர் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியைக்கு வயது நாற்பத்தொன்று.

மாணவர் பெயர் ஆவுடையப்பன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவனையும் வாசலிலேயே நிறுத்தி வைத்த ஆள். அவர் கைக்கடிகாரத்துக்குப் பயந்துதான் பள்ளிக்கூட மணியே சரியாக அடிக்கிறது என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

ஆசிரியை ரெஜினா, தூத்துக்குடிக்காரி. பறவைகளைப் பற்றிப் படிக்க ஜப்பான் போனவள், படிப்பு முடிந்தும் திரும்பவில்லை. வடக்கே ஹொக்கைடோ தீவில், பனி மூடிய வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பண்ணை வீட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். பனிக்காலத்தில் வாரத்துக்கு ஒருவருக்குப் பறவைப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பாள்.

"எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"கொக்கு பாக்கணும் டீச்சர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சொல்லும்போது கை தன்னால் சட்டைப் பைக்குப் போய்வந்தது. பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் ஒரு தொலைபேசி எண்.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். கரை மரங்களில் கிளை கிளையாக உறைபனி பிடித்திருந்தது. உச்சந்தலையில் சிவப்பு வட்டம் வைத்த பெரிய கொக்குகள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஐந்தடி உயரம் இருக்கும். ஆவுடையப்பன் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, வகுப்பறைக்குள் நுழைகிற நடையில் நேராக அவற்றைப் பார்த்து நடந்தார். இருபது தப்படி போவதற்குள் அத்தனையும் பறந்துவிட்டன.

"எவ்வளவு கிட்டப் போகலாம் டீச்சர்?"

"அது தலையைத் தூக்குற வரைக்கும்."

"தூக்கினா?"

"நின்னுருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அது திரும்பக் குனியுற வரைக்கும்."

இதென்ன கால அட்டவணையே இல்லாத படிப்பு என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அன்று இரண்டு மணி நேரம் பனியில் நின்று, தூரத்தில் ஒரு கொக்கை எப்படியோ எடுத்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேமராவை வெளியே எடுத்தார். எடுத்த படத்தை உடனே பார்க்கவேண்டும். உள்ளே அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. இட்லிச் சட்டி மூடியைப் போல லென்ஸ் முழுக்க ஒரே நொடியில் ஆவி பூத்துவிட்டது. துண்டால் துடைத்தார். மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தார்.

"துடைக்காதீங்க சார்."

"ஈரமா இருக்கு டீச்சர்."

"துடைக்கத் துடைக்க ஏறும். உள்ளயும் தண்ணி கோத்துட்டு. இனி ரெண்டு மூணு நாளைக்கு இது உதவாது."

அவர் வாசலில் நிறுத்தி வைத்த பையன்களெல்லாம் எப்படி நின்றார்களோ, அப்படி நின்றார் ஆவுடையப்பன். அவரைப் பார்க்க ரெஜினாவுக்குப் பாவமாக இருந்தது. தன் பழைய கேமரா ஒன்றைக் கொடுத்தாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையும் கயிறும்.

"வெளியில நிக்கும்போதே இதுக்குள்ள போட்டுக் கட்டிருங்க. கட்டினபடியே உள்ள கொண்டு வாங்க. அடுப்புப் பக்கம் வேண்டாம். வாசப் பக்கமா வைங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் செய்யக் கூடாது."

"ஒண்ணுமேவா?"

"வீட்டுச் சூட்டுக்கு அது தானா பழகணும்லா."

"எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கா சொல்லுங்க டீச்சர். ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமா?"

"வெளியில எவ்வளவு குளிர்ல கெடந்துச்சுங்கிறதைப் பொறுத்தது சார்."

இதையும் கணக்காகச் சொல்லவில்லை.

நாலாம் நாள் வயல்வெளிக்குப் போனார்கள். பனிக்காலம் முடிகிற நேரம் அது. ஒரு ஜோடிக் கொக்கும், கழுத்தில் பழுப்பு மாறாத அதன் குஞ்சும் மேய்ந்துகொண்டிருந்தன. குஞ்சு என்றாலும் ஆள் பெரிதுதான். திடீரென்று அப்பன் கொக்கு சிறகை விரித்து, குஞ்சைக் கொத்தித் துரத்தியது. குஞ்சு ஓடியது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. அப்பன் மறுபடியும் துரத்தியது.

ஆவுடையப்பன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

"பெத்த குஞ்சை எதுக்கு இப்படி அடிக்கு?"

"அடுத்த ஈடு முட்டை வைக்க நேரமாச்சுன்னா விரட்டிரும். கொக்குக்கு அது வழக்கம்."

"பெறகு?"

"அடுத்த பனிக்கு இதே பக்கம் வரும். அப்ப அப்பன்காரன் அடிக்க மாட்டான். பக்கத்து வயல்ல நின்னு மேயும்."

"அப்பன் கூப்பிடுமா?"

"நான் பாத்ததில்லை சார்."

அவர் அந்தக் குஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கு நுனியில் நீர் உறைந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்தார்.

"என் மக கோமதி இங்கதான் இருக்கா டீச்சர். இங்கேருந்து மூணு மணி நேரம். இந்த ஊர்ப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. அஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு மகளே இல்லைன்னுட்டேன். கல்யாணப் படத்தைத் தபால்ல அனுப்பினா. கவரைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன்."

ரெஜினா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அவ அம்மாவும் இப்ப இல்லை. எனக்கு இனி வேற யாரு இருக்கா? திங்கக்கிழமை எனக்கு விமானம். அதுக்குள்ள அவகூட ஒரு வார்த்தை பேசிரணும்."

"மகளைப் பாக்க வந்துட்டு கொக்கு பாக்க வந்தேன்னீங்களே சார். கொக்குத் தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கிற கதையால்லா இருக்கு."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

அன்று மதியம் தொலைபேசியில் கூப்பிட்டார். எண்ணை அழுத்துவதற்குள் விரல் மூன்று தடவை தப்பியது.

"கோமு, அப்பா பேசுதேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று பயந்துபோனார்.

"எங்கேருந்து?" என்று கேட்டது குரல்.

"இங்கதான். உங்க ஊருப் பனியிலதான் நிக்கேன்."

பிறகு முகவரி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு வாரேன். நாலு மணிக்குக் கெளம்பிருவேன்" என்றாள். போக வர ஆறு மணி நேரம், இருக்கப்போவது இரண்டு மணி நேரம். ஆவுடையப்பன் அந்த இரண்டு மணி நேரத்தை மூன்று நாளாக மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கொக்குகள் ஆடின. இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்குத்தான். ஒன்று குனிய ஒன்று குதிக்க, சிறகை விரித்து ஜோடி ஜோடியாக ஆடின. அவர் நாற்பது படம் எடுத்தார். ஒன்றிரண்டு பிரமாதமாக வந்திருக்கும் என்று கைக்கே தெரிந்தது. வெளியிலேயே கேமராவைப் பையில் போட்டுக் கட்டினார். ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து வாசல் பக்கம் வைத்தார். சட்டை மாற்றினார், திருநீறு பூசினார். பதற்றத்தில் குரங்குக் குல்லாவைக் கழற்ற மறந்துபோனார்.

இரண்டு அடிக்கக் கோமதி வந்தாள். தோளில் கிடந்த பனியைத் தட்டிவிட்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "நல்லாருக்கீங்களா" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

ரெஜினா தேநீர் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"அவரு வரலையா?" என்றார் ஆவுடையப்பன்.

"வேலை."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஆமா."

"வீடு சொந்தமா, வாடகையா?"

"வாடகை."

"சோறு பொங்குறியா? இல்லை இந்த ஊருச் சாப்பாடுதானா?"

"ரெண்டும்."

"இப்படி மெலிஞ்சு போயிருக்கியே, வேளாவேளைக்குச் சாப்பிடுதியா இல்லையா?"

கோமதி குனிந்துகொண்டாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டார். கோமதி தலையைத் தூக்கினாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நாற்காலியை இழுப்பதை அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். ஆனால் வாய் நிற்கவில்லை. வேலை என்ன, மாமியார் எப்படி, குளிர் தாங்குதா என்று கேட்டுக்கொண்டே போனார். கேள்வி நீள நீளப் பதில் சுருங்கியது. கடைசியில் வெறும் தலையாட்டலாகப் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. பாதி நேரம் போய்விட்டது.

எழுந்து, வாசல் பக்கம் இருந்த கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

"டீச்சர், மூஞ்சி கொடுத்தே பேச மாட்டேங்கா. என் கேள்வி எல்லாம் தீந்துபோச்சு. இன்னும் ஒரு மணி நேரந்தான். என்ன கேட்டா பேசுவா?"

ரெஜினா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, கொக்கு ஆடின படத்தையாவது காட்டுதேன். அதைப் பாத்தா ஒரு வார்த்தை பேச மாட்டாளா?"

சொல்லிக்கொண்டே பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். ரெஜினா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பையை அவரிடமிருந்து மெல்ல வாங்கினாள். அவிழ்ந்த முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

"இன்னும் திறக்கக் கூடாது சார்."

"ஒன்றரை மணி நேரம் ஆச்சே டீச்சர். அவ கெளம்பிருவாளே."

"திறக்காதீங்க."

"நான் கோமுவைப் பத்தில்லா கேக்கேன்."

ரெஜினா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கதவோரம் கோட்டோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

"அஞ்சு வருஷக் குளிரு சார். உள்ள வந்து ஒரு மணி நேரந்தானே ஆவுது."

ஆவுடையப்பன் அசையாமல் நின்றார். பிறகு கூடத்துக்குப் போனார். நாற்காலியை இருந்த இடத்துக்கே பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரைக் குடித்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அவரைப் பார்க்கவேண்டாம் என்று இருந்த கோமதியும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அவர் வாழ்நாளில் விழித்திருக்கும்போது இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. மகளிடம் கேட்கவேண்டும், மன்னித்துவிடு என்று சொல்லவேண்டும் என்று தொண்டை வரை வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டே இருந்தார். அதில் அழுகையும் சேர்ந்து உள்ளே போனது.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ.

"அப்பா."

திரும்பினார்.

"குல்லாவைக் கழத்துங்கப்பா. வீட்டுக்குள்ளதானே இருக்கீங்க."

அவர் குல்லாவைக் கழற்றினார். மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் கோட்டு நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால், சுவரில் கடிகாரம். மணி நாலேகால்.

ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.