மூன்றாவது நடை

அந்த நலத்துறை அலுவலகத்தில் குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. கண்காணிப்பாளர் ஜெசிந்தாதான் குரு. ரெக்கார்டு ரூமிலேயே இருபது வருடம் கிடந்துவிட்டு, விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசைக்கு அந்த மாதம்தான் வந்திருந்தார் தவசிலிங்கம்.

சீடர் படுவேகம். முதல் குறை கண்ணில் பட்டதுமே சீட்டு எழுதித் திருப்பிவிடுவார். மிச்சப் பக்கங்களைப் புரட்டமாட்டார். கேட்டால், "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்பார்.

அன்று மாணவியர் விடுதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மணி நாலு. ஆடு மேய்க்கும் ஒச்சப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்றார். முதல் நடையில் வருமானச் சான்று இல்லை என்று திருப்பினார் தவசிலிங்கம். இரண்டாவதில் பள்ளிச் சான்று. இப்போது பாஸ்புக் நகல். மூன்றையும் முதல் நாளே சொல்லியிருந்தால் மனிதர் ஒரு தடவையோடு பிழைத்திருப்பார்.

"பாஸ்புக்கு கையிலதான் இருக்குங்கய்யா. ஜெராக்ஸ் கடை பூட்டிக் கெடக்கு. விடுதி கெடைக்கலேன்னா பிள்ளை படிப்பு அம்புட்டுத்தான்."

"அதுக்கு நான் என்னய்யா பண்றது?"

சொல்லிவிட்டாரே தவிர, தவசிலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஆள் சண்டை போடவும் இல்லை, போகவும் இல்லை. தான் எழுதிய குறைச்சீட்டை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனார்.

"மேடம், நான் எழுதின மூணு குறையும் உண்மை. அப்புறம் ஏன் மனசு கெடந்து அடிச்சுக்குது?"

ஜெசிந்தா சீட்டைப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் நீட்டினார்.

"இது முழுசா இல்ல சார்."

"என்ன இல்ல?"

"தேதி இல்ல."

போட்டுக்கொண்டு வந்தார்.

"விண்ணப்ப எண் இல்ல."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

பதிவேட்டைத் தேடி, எண்ணை எழுதி, மூச்சிரைக்க வந்து நின்றபோது மணி நாலரை. ஜெசிந்தா நிதானமாகப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குச் சொல்லி என்ன மேடம் பிரயோஜனம்?" தவசிலிங்கம் கத்தியேவிட்டார். "அந்தப் பிள்ளை ஆடு மேய்க்கப் போயிரும்!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"அவரை உள்ள கூப்பிடுங்க. நகலை நம்ம மிஷின்லயே எடுத்துக்கலாம்," என்றார் ஜெசிந்தா. "இப்பத்தான் சார் நீங்க அந்த விண்ணப்பத்தை முழுசாப் படிச்சிருக்கீங்க."