அரிசி சுமந்த நீல வாளி

ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு நீல வாளி இலவசமாக வந்தது. மக்காத குப்பையை அதில் தனியாகப் போட்டுவைத்தால், அதை உருக்கிப் புதுப் பொருளாக்கலாம் என்று ஏற்பாடு.

வேலம்மாள் வீட்டு வாளிக்கு யோகம் அடித்தது. "பளபளன்னு இருக்கு. இதுல போயா குப்பையைக் கொட்டுறது?" என்று அவள் அதை அரிசியால் நிரப்பி, அடுப்படியின் ஒடுக்கமான பலகைமேல், பாதி அடி வெளியே நீட்டியிருக்க, ஏற்றிவிட்டாள். பக்கத்து வீட்டு வாளியில் புளி. எதிர்வீட்டு வாளி குளியலறையில் வெந்நீர் சுமந்தது.

கீழே ஒரு பையில், கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுகள் கிடந்தன.

"வாளியண்ணே, எங்களைச் சேர்த்துக்கோங்க. இல்லாட்டி தெருமுக்குல கொளுத்திருவாங்க," என்றது ஒரு பாக்கெட்.

"அரிசி இருக்கிற எடத்துல உனக்கென்ன வேலை?"

"கழுவித்தானே இருக்கோம்?"

"காக்கா குளிச்சா கொக்காயிருமா?" என்றது வாளி.

அப்போது குப்பை வண்டியோடு முனீஸ்வரி வந்தாள். "நீல வாளி எங்கக்கா? அதுல போட்டுக் குடுத்தாத்தான் எடுப்பேன். கலந்து வந்தா மேஸ்திரி ஏசுவாரு."

"அதுல அரிசி இருக்கே, முனீஸ்வரி."

"இந்த ஊர்ல மனுசங்களைவிட வாளிங்கதான் வயிறாரச் சாப்பிடுது," என்று அவள் வண்டியைத் தள்ளினாள்.

வேலம்மாள் ஒரு கையில் பையையும் மறுகையில் தீப்பெட்டியையும் எடுத்தாள். பையின் வாயிலிருந்த பாக்கெட் கடைசியாக அண்ணாந்து பார்த்தது. பார்த்தபடியே உறைந்தது.

"அண்ணே, உங்க அடியில ஏதோ எழுதியிருக்கு."

"என்னன்னு?"

"பழைய பால் பாக்கெட்டுகளால் செய்தது."

தன் அடியைத் தானே பார்த்த வாளி உலகத்தில் உண்டா?

"பொய் சொல்றே."

"சாகப்போற நேரத்துல எனக்கெதுக்கண்ணே பொய்?"

வாளிக்குள் எங்கிருந்தோ பழைய பால்வாடை எழுந்தது. வேலம்மாள் வாசற்படியில் கால் வைத்தாள்.

வாளி பலகையிலிருந்து குதித்தது.

அடுப்படி முழுக்க அரிசி. வேலம்மாள் திரும்பி ஓடிவந்து சுற்றிலும் பார்த்தாள். பூனை இல்லை, எலி இல்லை, ஒரு பொட்டுக் காற்றுகூட இல்லை. நம்பாதவர்கள் போய் வாளியைத் தடவிப் பார்க்கலாம். விளிம்பிலிருந்து அடிவரை விரிசல் ஓடுகிறது.

அவள் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். "ம்ஹும். இனி இது குப்பைக்குத்தான் ஆகும்," என்று பையை அதற்குள் கவிழ்த்து, "முனீஸ்வரி, கொஞ்சம் நில்லு," என்று தெருவுக்கு ஓடினாள்.

பிறந்த நாளிலிருந்து அந்த வாளியை யாரும் இவ்வளவு புகழ்ந்ததில்லை.