சிரிப்பு ஷாட்

ஆரம்பித்து வைத்தவன் நீ. வேறு யார் தலையிலும் கட்டப் பார்க்காதே.

செத்தவளாக நடித்தவளை எழுப்பி, அதே கேமரா முன்னால் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். படத்தில் வராது. வீட்டுக்குப் போகிறவள் உயிரோடு போகட்டும் என்று எடுப்பது. நேற்றுச் சேர்ந்த அசிஸ்டென்டுக்குக்கூட இது தெரியும். டைரக்டர், உனக்குத் தெரியாதா? பதினோரு வருஷத்துக்கு முன்னால் ராஜாமணி பாடையில் எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கத் தயாராகக் காத்திருந்தாள். நீ கேமராவை மூடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனாய்.

அந்தப் படம் நூறு நாள் ஓடியது. சிரிக்க வைக்காமல் விட்டதுதான் ராசி என்று பேட்டியில் வேறு சொன்னாய். அதற்கப்புறம் அவளுக்குப் பத்தொன்பது பேய்ப்படம். இடைவேளைக்கு முன்னால் சாவாள், பின்னால் வெள்ளை லென்ஸ் போட்டுக்கொண்டு வருவாள். பத்தொன்பதிலும் ஒருவனும் அந்த ஷாட்டை எடுக்கவில்லை. எல்லாருக்கும் உன் ராசி வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லிலிருந்து குரூப் டான்ஸுக்கு வந்தவள் அவள். அன்றைக்கு அவள் சிரிப்பைப் பார்த்துத்தான் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கூப்பிட்டார்கள். சொன்னால் இன்றைக்கு யார் நம்புவார்கள்?

இந்த வருஷம் உன் புதுப்படத்தில் பேய் வேஷம் தாரிணிக்கு. இருபது படத்தில் கதாநாயகி. இப்போது வயது நாற்பத்தாறு. இதையும் விட்டால் வேறு வேஷம் இல்லை. தன்னைவிட நாலு வயது இளைய ராஜாமணியிடம் பாடம் கேட்க வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினாள்.

“டீச்சர், என்னைச் சேர்த்துக்குங்க.”

“ஐயோ மேடம், நீங்க ஹீரோயின். நான் பேய். ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். கண் சிமிட்டாம நாலு நிமிஷம் எப்படிக் கிடக்கிறீங்க? அதைச் சொல்லிக் குடுங்க.”

ராஜாமணி தரையில் பாயை விரித்தாள். “படுங்க. என்ன தெரியுது?”

“ஃபேன்.”

“ஃபேனைப் பார்த்தா சிமிட்டும். ஃபேன் இருக்கு, நீங்க பார்க்கல. அவ்வளவுதான்.”

தாரிணி கிடந்தாள். ராஜாமணி அவளைத் தாண்டிக்கொண்டு போய் அரிசி களைந்தாள். தாண்டிக்கொண்டு வந்து கத்தியை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். போன் வந்தது, யாரிடமோ கேஸ் சிலிண்டர் விஷயம் பேசினாள். கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது தாரிணி விருட்டென்று எழுந்தாள். கண்ணில் தண்ணீர்.

“என்ன டீச்சர், இங்க ஒருத்தி கிடக்கேனேன்னு ஒரு பார்வைகூடக் கிடையாதா?”

“நாலு நிமிஷம் எப்பவோ தாண்டிருச்சு மேடம். பாடம் முடிஞ்சுது.”

தாரிணி முகம் கழுவிவிட்டு வந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்காமப் போனா என்ன ஆகும்? சாவு வரும்னு நம்புறீங்களா?”

“சாவெல்லாம் வராது. டீ வரும்.”

“டீயா?”

“எல்லாருக்கும் கையில குடுப்பாங்க. எனக்கு ஸ்டூல்ல வச்சிட்டுப் போயிருவாங்க. பத்து நாளா பொணமாப் பார்த்த மூஞ்சி. சிரிச்சுக் காட்டினாத்தானே மேடம் அவங்களுக்கும் தெளியும்?”

“கேட்டு வாங்க வேண்டியதுதானே?”

“கேட்டேன். நீங்க சிரிச்சா படம் படுத்துரும்க்கான்னாங்க.”



போன வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் செட்டில் சாவு சீன். டீச்சர் வந்தால்தான் படுப்பேன் என்று தாரிணி அடம் பிடித்ததால் ராஜாமணியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நடுமுற்றத்தில் பாடை. அதன்மேல் தாரிணி. கண் சிமிட்டவில்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

“கட்! பிரமாதம் மேடம். பேக்கப்!” என்றாய்.

தாரிணி எழப் போனாள்.

“எழுந்திரிக்காதீங்க,” என்றாள் ராஜாமணி.

“பேக்கப் சொல்லிட்டாரே டீச்சர்?”

“பொணத்துக்குக் காது கேக்காது. படுங்க.”

படுத்துவிட்டாள். செட்டே நின்றது. கேபிள் எல்லாம் பாடைக்கு அடியில் ஓடுகிறது. அதை உருவாமல் ஒரு விளக்கைக்கூடக் கழற்ற முடியாது.

லைட்மேன் ஒருவர் பக்கத்தில் போய்க் குனிந்தார். “அம்மா, கொஞ்சம் எழுந்தீங்கன்னா...” பதில் இல்லை. “என்னப்பா, நெசமாவே போயிட்டாங்களா?”

“உன் வாயைக் கழுவுய்யா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நீ ஓடி வந்தாய். “அக்கா, என்ன விளையாட்டு இது? எழுந்திரிக்கச் சொல்லுங்க.”

“சாகச் சொன்னது நீங்க தம்பி. எழுப்ப வேண்டியதும் நீங்கதான்.”

“சிரிக்கிற ஷாட் எடுத்தா ராசி போயிரும்க்கா. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும். பத்தொன்பது படமாத் தெரியும்.”

கத்திப் பார்த்தாய். கெஞ்சிப் பார்த்தாய். மேனேஜரை விட்டு மிரட்டிப் பார்த்தாய். பாடையில் கிடந்தவள் ஃபேன் இல்லாத இடத்தில் ஃபேனைப் பார்க்காமல் கிடந்தாள். கடைசியில் கடுப்போடு கேமராவைத் திறக்கச் சொன்னாய்.

“சரி மேடம். எழுந்து சிரிச்சுத் தொலைங்க.”

தாரிணி அசையவில்லை.

“ஒத்துக்கிட்டாங்க மேடம், எழுந்திருங்க,” என்றாள் ராஜாமணி.

உதடு மட்டும் அசைந்தது. “வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர்? எனக்கு முன்னாடி செத்தவங்க நீங்க.”

ராஜாமணி மெதுவாக வந்து, தாரிணியின் கால்மாட்டில், பாடையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

நீ மழுப்பப் பார்த்தாய். “அக்கா, அந்தப் படம் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப உங்களை எடுத்து எதுல சேர்க்கிறது?”

“எதுலயும் சேர்க்க வேண்டாம் தம்பி. நான் எழுந்து உட்கார்ந்ததை நீங்க இன்னும் பார்க்கல. போயி கேமராவுக்குப் பின்னாடி நில்லுங்க.”