பதினாறு படிப் பெட்டி

“பெட்டி இன்னும் வளைஞ்சு கொடுக்கணும் டீச்சர்,” என்றார் தனுஷ்கோடி.

அற்புதம் நிமிரவில்லை. அவள் கையில் சாலிடரிங் அயன் புகைந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு?”

“எவ்வளவு வேணும்னாலும்.”

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சருக்கு முப்பத்து நான்கு. கற்றுக்கொள்ள வந்தவர் அவர்தான். மெல்லிசைக் குழுவில் இருபது வருடம் கீபோர்டு வாசித்தவர் என்பதால் அவரை ‘அண்ணே’ என்பாள். அதற்கு மேல் சலுகை கிடையாது.

மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மாடியில் அவள் பட்டறை. கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகிச் சத்தம் எழுப்பும் மாடுலர் சிந்தசைசர்களைக் கையால் செய்கிறவள். வாசலில் பெயர்ப் பலகை மாட்டவில்லை. வேண்டியவன் விசாரித்து வருவான்.

தனுஷ்கோடி செய்துகொண்டிருந்தது ஒரு ஸ்டெப் சீக்வென்சர். பதினாறு குமிழ். குமிழுக்கு ஒரு சுரம். பெட்டி படிப்படியாக ஏறும். நிற்கிற படியின் சுரம் ஒலிக்கும். பதினாறு முடிந்தால் மறுபடி ஒன்று. அவ்வளவுதான் சமாசாரம். இரண்டு வாரத்து வேலை.

அவருக்கு மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டி அவர் மனைவி சௌந்தரத்துக்கு. டி.பி. ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாத்திரைக்கு அடங்காத ஜாதி நோய். தினம் ஒரு ஊசி. நிறுத்தினால் உயிர் போகும், போட்டால் காது போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல் சுரங்கள் முதலில் போகும். பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்.

அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“கல்யாணமான புதுசுல எனக்குன்னு ஒரு மெட்டுப் போட்டீங்களே. காது போறதுக்குள்ள அதை ஒரு தடவை கேட்டுடணும்.”

பதினாறு சுரத்து மெட்டு.

இரண்டாவது வாரமே பெட்டி ஓடியது. “கொண்டு போங்க,” என்றாள் அற்புதம். அன்றைக்குத்தான் மேலே இரண்டு சுரம் கேட்கவில்லை என்று சேதி வந்தது. “இதை மாத்திட்டுப் போறேன் டீச்சர்,” என்றார். மாற்றி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு போயிருந்தது.

“இப்ப எத்தனை சுரம் கேட்குது?” என்றாள்.

“பத்து. அதுக்குத்தான் படிக்கு ஒரு சுவிட்ச். கேட்காத சுரத்தைத் தாண்டிப் போயிடும். தாண்ட வேண்டாம்னா கீழ இறக்கிக்கலாம். முன்னால போகும், பின்னால போகும். ஒரே படியில நின்னு நாலு தடவை தட்டும்.”

“பொரியலும் பண்ணுமா?”

அவர் சிரிக்கவில்லை.

“கீபோர்டைத் தூக்கிட்டுப் போய் நீங்களே வாசிச்சா என்ன?”

அவர் ஒரு குமிழைத் திருகினார்.

“வாசிக்கும்போது என் மூஞ்சியையே பார்ப்பா டீச்சர்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பெட்டியின் பதினாறு சுவிட்சுகளையும் தாண்டும் பக்கம் தள்ளினாள். ஒன்று விடாமல்.

பெட்டி செத்தாற்போல் நின்றது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

“என்ன செய்யுது?”

அவர் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

“தேடுது. அடுத்த படிக்குப் போகுது, அங்கே தாண்டுன்னு இருக்கு. அதுக்கடுத்ததும் தாண்டு. சுத்திக்கிட்டே கிடக்கு.”

“எதுவரைக்கும்?”

“கரன்ட்டைப் பிடுங்குற வரைக்கும்.”

“ம்.”

“இப்படி ஒரு நிலைமை வரும்னு நான் யோசிக்கலை.”

“தெரியுது,” என்று அவள் தன் இடத்துக்குப் போனாள்.

தனுஷ்கோடி நான்கு நாள் பெட்டியை விட்டு எழவில்லை. கீழே இருந்து டீயும் பன்னும் வந்தன. மைத்துனன் இரண்டு தடவை போன் செய்தான்.

“மாமா, அக்கா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கு.”

“அவளுக்குத்தான்டா வேலை நடக்குது,” என்று வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். கண் சிவந்திருந்தது. முகத்தில் கொஞ்சம் பெருமை.

“சரி பண்ணிட்டேன். பதினாறும் தாண்டுன்னு இருந்தா இப்ப மாட்டிக்காது. ஒரு சுத்து தேடும். ஒண்ணும் இல்லேன்னா சத்தமில்லாம நின்னுடும். நின்னது தெரிய ஒரு சிவப்பு விளக்கும் வச்சுட்டேன்.”

“யாருக்குத் தெரிய?”

அவர் அந்த விளக்கை விரலால் துடைத்தார்.

“ஆஸ்பத்திரிக்குக் கடைசியா என்னைக்குப் போனீங்க?”

“காது டெஸ்ட் எடுத்தாங்களே, அந்தச் செவ்வாய்க்கிழமை. பத்து சுரம்னு அன்னைக்குத்தான்…”

“எந்தச் செவ்வாய்?”

விரல் விட்டு எண்ணினார். மூன்றாவது விரலில் நின்றார்.

அற்புதம் அயனின் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியில் பேட்டரியும் சின்ன ஸ்பீக்கரும் செருகினாள். பழைய பேப்பரில் சுற்றி அவர் கையில் திணித்தாள்.

“மூடி போடலையே டீச்சர். நாலு ஸ்க்ரூதான்…”

“போங்கண்ணே.”

“எட்டாவது படியில சுருதி கொஞ்சம் விலகுது. அரை மணி நேரம் கொடுத்தீங்கன்னா…”

அவள் போய் மெயினை அணைத்தாள். விளக்கு போயிற்று. மின்விசிறி மெதுவாக ஓய்ந்தது.

அவர் போனார்.

பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். சௌந்தரம் ஜன்னலோரம் இருந்தாள். பாதியாகியிருந்தாள். அவரைக் கண்டதும் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“வந்துட்டீங்களா,” என்றாள். தெருவைத் தாண்டிக் கூப்பிடுகிற குரல். சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பெட்டியை அவள் மடியில் வைத்தார். ஒரு சுவிட்சையும் தள்ளத் தோன்றவில்லை. பதினாறு படியும் பதினாறாகவே இருக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினார்.

மெட்டு புறப்பட்டது. பிசிறில்லை. படிக்குப் படி விளக்கு ஒன்று எரிந்து நகர்ந்தது. சௌந்தரம் அதன் பின்னாலேயே விரலை ஓட்டினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, நான்கு சுற்று. முகம் மலர்ந்திருந்தது. தனுஷ்கோடி வால்யூமை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

“சார், சவுண்டைக் குறைங்க. இது ஆஸ்பத்திரி,” என்றாள் நர்ஸ்.

சௌந்தரம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“விளக்கு ஓடுறது அழகா இருக்குங்க. பாட்டை எப்ப வைப்பீங்க?”