ஐந்து வங்கியும் ஒரு சங்கிலியும்

சங்குமுனை என்று ஒரு கடற்கரை ஊர். கடைசியில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

அந்த ஊரில் மாதா கோயில் தெருவில் வரிசையாக ஐந்து வங்கிகள். மீன் விற்கும் பெண்கள் அங்கே நகையை வைத்துப் பணம் வாங்கித்தான் விடியற்காலை ஏலத்தில் கூடை எடுப்பார்கள். வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். கடலில் மீன் பட்டாலும் படாவிட்டாலும் ஒன்றரைதான்.

பிரகாசியம்மாளுக்கு இது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நமக்கு நாமே ஒரு வங்கி வைத்தால் என்ன என்று, கூடை சுமக்கும் பெண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி மனுப் போட்டாள். பதிவு அதிகாரி மெய்யப்பன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போட்டி இல்லாத ஊருக்குத்தாம்மா புது வங்கி. ஒரே தெருவில அஞ்சு போர்டு தொங்குது. இதுக்கு மேல என்ன போட்டி வேணும்?"

"போர்டு தொங்கினா போட்டியாயிடுமா ஸார்?"

"இல்லன்னா அளந்து காட்டுங்க. எட்டு நாள் தர்றேன். காட்டலைன்னா மனு தள்ளுபடி. அப்புறம் மூணு வருஷத்துக்கு நீங்க மனுப் போட முடியாது."

துணியை அளக்கலாம், எண்ணெயை அளக்கலாம். போட்டியை எதைக்கொண்டு அளப்பது? பிரகாசியோடு லூர்தம்மாளும் ரெஜினாவும் சேர்ந்துகொண்டார்கள். யாருடைய அளவு அதிகாரி முன்னால் நிற்கிறதோ, அவளுக்கே புது வங்கியின் ஒன்றாம் நம்பர் பாஸ்புக் என்று பெண்கள் முடிவு செய்தார்கள்.

லூர்தம்மாள் நானூறு வீடு ஏறி இறங்கினாள். எந்த வங்கியில் கணக்கு என்று கேட்டு எழுதினாள். ஒவ்வொரு வங்கிக்கும் ஏறக்குறைய எண்பது வீடு. எட்டாம் நாள் அதிகாரியிடம் அதைக் கொடுக்கும்போது அவள் கண் கலங்கிவிட்டது. அண்ணி முறையான பிரகாசியைப் பார்த்துச் சொன்னாள்:

"அஞ்சுல ஒண்ணுகூடப் பெருசா வளரல. அப்போ போட்டி இருக்குன்னுதான் தோணுது. மனச்சாட்சிக்கு விரோதமா மாத்திச் சொல்ல மாட்டேன் மயினி."

பிரகாசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெஜினா ஐந்து வங்கியின் வட்டியையும் எழுதி வந்திருந்தாள். ஐந்திலும் ஒன்றரை. "பாத்தீங்களா ஸார், எல்லாம் கூடிப் பேசியிருக்காங்க!"

அதிகாரி சிரித்தார். "உங்க மார்க்கெட்டுல சாளை மீன் எல்லாக் கூடையிலயும் ஒரே விலைதானே? நீங்க கூடிப் பேசியா விக்கிறீங்க?"

"ஐயோ, நாங்களா! பக்கத்துக் கூடைக்காரி அஞ்சு ரூபா குறைச்சா நானும் குறைச்சாகணும். இல்லன்னா நான் மீனோட வீட்டுக்குப் போகணும். அப்படித்தான் ஒரே விலையாகுது."

"இங்கயும் அப்படி இருக்கலாமில்ல?"

ரெஜினா தன் காகிதத்தை மடித்துக்கொண்டாள்.

பிரகாசியிடம் காகிதமே இல்லை; நடந்ததை வாயால்தான் சொன்னாள். "மாதாவே, என் வாயை அடக்கி என் கண்ணைத் திறந்து வை" என்று செபித்துவிட்டு, கழுத்துச் சங்கிலியோடு ஐந்து வங்கிக்கும் போனாளாம். ஒவ்வொன்றிலும் ஒரே பேச்சு: "கொஞ்சம் குறைங்க, இல்லன்னா பக்கத்து வங்கிக்குப் போறேன்." சொல்லிவிட்டுத் திரும்பி, வாசல் வரை மெதுவாக நடந்தாள். மார்க்கெட்டில் ஒருத்தி இப்படி நடந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் "எக்கா, இங்க வாங்க" என்று முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். இங்கே யாரும் கூப்பிடவில்லை. இரண்டாவது வங்கியில் "போயிட்டு வாங்கம்மா" என்று கும்பிட்டார்கள். நாலாவதில் கதவையே திறந்துவிட்டார்கள். ஐந்தாவதில் இவள் வாய் திறக்குமுன்பே மேனேஜர், "நாலு இடம் ஏறி இறங்கியாச்சா? இங்கயும் ஒன்றரைதான்" என்றார்.

இன்னொன்றும் கேட்டு வந்திருந்தாள். மக்கள் போட்டு வைக்கும் சேமிப்புக்குத் தரும் வட்டியை நாலு மாதத்துக்கு முன்பே ஐந்து வங்கியும் பாதியாகக் குறைத்திருந்தன. கடன் வட்டியோ அசையவே இல்லை.

அதிகாரி பேனாவை எடுத்தார். மூவரும் உழைத்தவர்கள், மூவரும் கண்டதையே சொன்னவர்கள். லூர்தம்மாள் வீடுகளைப் பார்த்தாள், ரெஜினா வட்டியைப் பார்த்தாள், பிரகாசி வாசல் வரை நடந்து பார்த்தாள்.

இவர்களில் உண்மையிலேயே போட்டியை அளந்தது யார்?

விடை: பிரகாசியம்மாள்தான். ஐந்து பேர் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்டும் சண்டையில்லாமல் இருக்கலாம்; ஆகவே வீட்டுக் கணக்கு போதாது. ஒரே விலை போட்டியாலும் வரும், கூட்டாலும் வரும்; ஆகவே வட்டிக் கணக்கும் போதாது. சாளை மலிந்த நாளில் விலை குறைக்காதவளின் கூடை நாறிப்போகும். இங்கே வங்கிக்குப் பணம் மலிவாகக் கிடைத்தும் ஒருவரும் கடன் வட்டியைக் குறைக்கவில்லை. போகிறவளை ஒருவரும் கூப்பிடவும் இல்லை. அடுத்த வாசலிலும் இதே பதில்தான் என்று அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம். "போட்டி இல்லை" என்று எழுதி அதிகாரி முத்திரை குத்தினார். வராந்தாவில் நின்ற பெண்கள் போட்ட குலவையில் அலுவலகமே எழுந்து நின்றது. பிரகாசியை முதலில் கட்டிக்கொண்டவள் லூர்தம்மாள். பெண்கள் வங்கி ஒன்றேகால் வட்டியோடு திறந்தது. மறுநாளே பக்கத்து வங்கி "ஒரு ரூபாய்" என்று எழுதி ஒட்டியது. ரெஜினா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மயினி, அவங்க நம்மளவிடக் குறைச்சிட்டாங்க!" ஒன்றாம் நம்பர் பாஸ்புக்கை மார்போடு அணைத்தபடி பிரகாசி வாய்விட்டுச் சிரித்தாள். "குறைக்கட்டும்டி! அதுக்குத்தானே திறந்தோம்!"