நாச்சிமுத்து விட்டுத்தராத அனுமதி

பம்ப்செட் கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டிய பிறகு நாச்சிமுத்துவுக்கு ஒரு குரு கிடைத்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். பெயர் ஜெசிந்தா, சொந்த ஊர் தூத்துக்குடி. கம்பெனிக் கம்ப்யூட்டரில் யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் திறக்கக் கூடாது என்று காவல் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவி.

சின்ன வயசுக்காரரிடம் பாடம் கேட்க நாச்சிமுத்துவுக்குக் கூச்சமே கிடையாது. கூச்சப்பட்டது ஜெசிந்தாதான். "குருவாம் குரு! சும்மா இருங்க அண்ணாச்சி" என்று சிரிப்பார்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றினால் புதுப் பிரிவின் அனுமதியைக் கொடுத்துவிடுவார்கள். பழையதை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைச்சல் ஆயிற்றே! வீட்டைக் காலி செய்தவர் சாவியையும் பையில் போட்டுக்கொண்டு போவது மாதிரி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து ஸ்டோரில் சேர்ந்து, கொள்முதலுக்குப் போய், அங்கிருந்து மனிதவளத்துக்கு மாறி, கடைசியில் இங்கே வந்தவர். அவருடைய ஐடியைப் போட்டால் திறக்காத இடம் கம்பெனியில் கொஞ்சம்தான். அதில் மனுஷனுக்குப் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

ஜெசிந்தா அவருக்குக் கொடுத்த முதல் வேலை, இந்தப் பழைய அனுமதிகளை எல்லாம் திரும்ப எடுப்பது.

"யாரோடதுல இருந்து ஆரம்பிக்கட்டுமுங்க, மேடம்?"

"என்னோடதுல இருந்து."

நாச்சிமுத்து விளையாட்டு என்றுதான் நினைத்தார். ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலைவி என்பதால் எல்லாப் பிரிவின் ஃபோல்டரும் அவருக்குத் திறக்கும். ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். எடுத்தாகிவிட்டது.

"திரும்ப வேணும்னா என்னங்க பண்ணுவீங்க?"

"அந்தந்தப் பிரிவுத் தலைவர்கிட்டப் போய்க் கேக்கணும். எனக்கு நானே கொடுத்துக்க முடியாது." பிறகு, "அடுத்தது உங்களோடது" என்றார்.

நாச்சிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது.

"என்னைய நம்பலீங்களா, மேடம்?"

ஜெசிந்தா மவுஸை அவர் பக்கம் தள்ளினார்.

"இருபது வருஷமுங்க. ஒரு ஆணியைக்கூட நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்லைங்க."

"தெரியும் அண்ணாச்சி."

"அப்புறம் எதுக்குங்க?"

"உங்களுக்கு எப்ப மனசு வருதோ, அப்ப நீங்களே எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நாச்சிமுத்து ஊரார் அனுமதியை எல்லாம் எடுத்தார். சண்டைக்கு வந்தவர்களைச் சமாதானப்படுத்தி எடுத்தார். தன்னுடையது மட்டும் அப்படியே கிடந்தது. மனசு வரவில்லை, என்ன செய்ய!

அந்த வருஷம் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண், ஒர்க்ஸ் மேனேஜர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதாகப் புகார் கொடுத்தாள். கூட வேலை பார்க்கும் இன்னொருத்தி, கண்ணால் பார்த்ததை, இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கும் கமிட்டியிடம் போய்ச் சாட்சி சொன்னாள். புகார் கொடுத்தது யார் என்று ஊருக்கே தெரியும். சாட்சி யார் என்பது கமிட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒர்க்ஸ் மேனேஜர் வேறு யாருமில்லை, டைரக்டரின் மச்சினன். அந்தச் சாட்சியின் பெயர் வெளியே தெரிந்தால் அன்றைக்குச் சாயந்திரமே அவள் பிழைப்பு போய்விடும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் டைரக்டர் ஜெசிந்தா, நாச்சிமுத்து இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"அந்தக் கமிட்டி ஃபோல்டரைத் திறங்க. சாட்சி சொன்னது யாருன்னு பாக்கணும்."

"எனக்கு அதுல அனுமதி இல்லை, சார்" என்றார் ஜெசிந்தா.

"ஹெட்டுக்கே இல்லையா? யாருகிட்ட கதை விடறீங்க?"

ஜெசிந்தா அவர் கண்ணெதிரேயே தன் ஐடியைப் போட்டுக் காட்டினார். திறக்கவில்லை. டைரக்டர் கொஞ்ச நேரம் திரையையே முறைத்தார். பிறகு நாச்சிமுத்து பக்கம் திரும்பினார்.

"மனிதவளத்துல இருந்தப்ப அந்தக் கமிட்டிக்குக் குமாஸ்தா வேலை பாத்தது நீதானய்யா? உனக்கு இருக்கா?"

நாச்சிமுத்துவுக்கு இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஐடியைப் போடச் சொன்னால் மானம் போய்விடுமே!

"பாத்துட்டு வந்து சொல்றேனுங்க."

வெளியே வந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்பவே எடுத்துடறேனுங்க, மேடம். ஒரே நிமிஷமுங்க."

"கேட்டதுக்கு அப்புறம் எடுத்தா அதுக்குப் பேரு ஒளிக்கிறது. எப்ப எடுத்தீங்கன்னு சிஸ்டத்துலயே நிக்கும்."

"அப்ப நான் என்னதானுங்க பண்றது?"

"நான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க மாட்டேன்னு சொல்லிட்டு வரணும். வேற வழி எனக்குத் தெரியல, அண்ணாச்சி."

நாச்சிமுத்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றார். மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த வயசில் இந்த வேலை போனால் எவன் இன்னொரு வேலை தருவான்? ஷிப்ட் மாறும் நேரம். வைண்டிங் பெண்கள் டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு பேசிச் சிரித்தபடி கேட்டைத் தாண்டி வந்தார்கள். அவர்களில் அந்தச் சாட்சி யாரென்று அவருக்குத் தெரியாது. அந்த ஃபோல்டரை அவர் ஒருநாளும் தேவையில்லாமல் திறந்தவரில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு டைரக்டர் அறைக்குள் போனார்.

"எனக்கு அனுமதி இருக்குதுங்க. ஆனா திறக்க மாட்டேனுங்க."

"என்னய்யா சொன்ன?"

"திறக்க மாட்டேனுங்க."

"நாளைக்கு நீ வேலைக்கு வரணுமா, வேண்டாமா?"

"வரணுமுங்க. ஆனாலும் திறக்க மாட்டேனுங்க."

டைரக்டர் கத்திய கத்தல் அக்கவுண்ட்ஸ் வரை கேட்டது. கடைசியில் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு, "போய்த் தொலை!" என்றார். நாளைக்கு என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது நாச்சிமுத்துவின் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் களை!

"சொல்லிட்டேனுங்க, மேடம். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

ஜெசிந்தா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நாச்சிமுத்து குடிக்கவில்லை.

"என்னைய நம்பலீங்களான்னு அன்னிக்கு நான் கேட்டனுங்க. நீங்க நேராப் பதில் சொல்லலீங்க. இப்பவாச்சும் நம்பறீங்களா?"

"அன்னைக்கும் நம்பினேன்."

"அப்புறம் எதுக்குங்க எடுக்கச் சொன்னீங்க?"

ஜெசிந்தா பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"அந்த ரூம்ல நின்னப்ப எனக்குப் பயமா இருந்துச்சு, அண்ணாச்சி. அனுமதி இருந்திருந்தா திறந்திருப்பேனோ என்னமோ. நீங்க இன்னைக்குத் தைரியமா இருந்தீங்க. பெரிய விஷயம்தான், இல்லைங்கல. ஆனா அந்தச் சாட்சி சொன்ன பொண்ணு, தினமும் காலையில நீங்க தைரியமா எந்திரிச்சிருக்கீங்களான்னு பாத்துட்டா வேலைக்கு வரணும்?"