ஹாலந்து கேட்ட மருமகன்

கோமதிநாயகம் பொய் சொல்ல மாட்டார். நடக்காததைக் கொஞ்சம் முந்திச் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். அவருடைய அக்கா மகன் செண்பகராஜ் கோவில்பட்டியில் மட்டையைப் பிடித்துப் பழகி, இருபத்தோரு வயதிலேயே சென்னை அணி ஒன்றுக்குச் சம்பளத்துக்கு ஹாக்கி ஆடுகிறவன். அடுத்த வருஷத்துக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை வேறு அணிக்குத் தள்ளிவிடுவது என்று அன்றைக்குத்தான் அங்கே முடிவு செய்கிறார்கள். அந்த அணியிலேயே இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிரப் பையனுக்கு வேறு ஆசையே இல்லை. காலையிலிருந்து சோறு தண்ணி இறங்காமல் வீட்டில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமாவுக்கு என்ன கவலை? அய்யலுசாமி சலூனில், முகமெல்லாம் நுரையோடு சாய்ந்து கிடந்தார்.

"பஞ்சாப்காரன் கேட்டுட்டான். ஒடிசாக்காரன் வீட்டு வாசல்லயே படுத்துட்டான். நான்தான் எந்திரிச்சுப் போடான்னு அனுப்பி வச்சேன்."

"பேப்பர்ல ஒண்ணும் வரலையே அண்ணாச்சி?" என்றார் அய்யலுசாமி, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"நான் சொன்னாத்தானய்யா பேப்பர்காரனுக்கே தெரியும்! போன மாசம் பெனால்டி கார்னர்ல என் மருமகன் ஒரு அடி அடிச்சான் பாருங்க. வலை கிழிஞ்சு, காம்பவுண்டு தாண்டி, நேரா சாத்தூர்ல போய் ஒரு காராச்சேவுச் சட்டிக்குள்ள விழுந்துச்சு. எடுக்கதுக்குள்ள பந்து பொரிஞ்சு போச்சு."

பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த லாரி டிரைவர் துரைச்சிங்கம் பேப்பரை மடித்தார். "வாரத்துக்கு நாலு நடை சாத்தூர் போறேன். எந்தக் கடைன்னு சொல்லுங்க, நானும் ரெண்டு பந்து வாங்கியாறேன்."

"கேலி பண்ணுங்க, பண்ணுங்க. அந்தச் சத்தம் ஹாலந்து வரைக்கும் கேட்டுருக்கு. மறுநாளே போனு! 'எங்க பதினோரு பேரையும் எடுத்துக்கிடுங்க, கோச்சையும் சேர்த்து எடுத்துக்கிடுங்க, இந்த ஒரு பையனை மட்டும் குடுங்க'ன்னு அழுதான்."

"பதினோரு பேரையும் குடுத்துட்டா அங்க யாரு ஆடுவா?" என்றார் துரைச்சிங்கம்.

"இவன் ஒருத்தன் போதாதா?"

"பந்தை யாருக்கு பாஸ் குடுப்பான்?"

"தனக்கேதான். இந்தக் கோடியில அடிச்சுட்டு, அது அந்தக் கோடிக்கு வாரதுக்குள்ள ஓடிப்போய் அவனே வாங்கிக்கிடுவான். நடுவுல நேரம் கிடந்தா கோல் கீப்பராவும் நிப்பான்."

அய்யலுசாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பாவம், கழுத்து ஒன்றுதானே இருக்கிறது.

"நம்ப மாட்டீங்களே! நாலு நாளா பஸ் ஸ்டாண்டு வாசல்ல என் பேனர் நிக்கிதே, கண்ணு தெரியலையா? 'ஹாலந்து அணிக்குப் புறப்படும் எங்கள் சிங்கத்தை வாழ்த்தி வழியனுப்பும் தாய்மாமன்.' சும்மா கட்டுவேனா?"

அந்தப் பேனரில் கோமதிநாயகம் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி நின்றார். சிங்கம் அவருடைய முழங்கைக்குக் கீழே, தபால் தலை அளவில் இருந்தது.

"பார்த்தேன்," என்றார் துரைச்சிங்கம். "ஹாலந்துக்கு நீங்கதான் போறீங்கன்னு நினைச்சேன்."

அப்போது செண்பகராஜே உள்ளே வந்தான். கையில் போன். முகம் செத்துப் போயிருந்தது.

"வாய்யா மருமகனே! சென்னையில இருந்து பேசிட்டாங்களா? விடவே மாட்டோம்னு காலைப் பிடிச்சிருப்பானுகளே!"

"பேசினாங்க மாமா. என்னை வச்சுக்கிடத்தான் இருந்தாங்களாம். யாரோ உங்க பேனரைப் படம் எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க. ஊரு ஆயிரம் பேசும், தாய்மாமனே பேனர் கட்டி வழியனுப்பினா அது பொய்யா இருக்காதுன்னு, இன்னிக்குக் காலையில என் இடத்துக்கு வேற ஆளை எடுத்துட்டாங்க."

அய்யோ, இத்தனை வருஷத்தில் கோமதிநாயகம் சொன்னதை ஒருத்தர்கூட நம்பியதில்லையே. முதல் தடவையாக ஒரு ஆள் நம்பியிருக்கிறார். அது அந்த மேனேஜராகவா இருக்க வேண்டும்?

நுரை காய்ந்த கன்னத்தோடு எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப... ஹாலந்துக்காரன் என்னய்யா சொல்றான்?"

செண்பகராஜ் தன் போனை அவர் மடியில் வைத்தான்.

"அவன்கிட்டப் பேசினது நீங்க ஒருத்தர்தானே மாமா. நீங்களே கேட்டுச் சொல்லுங்க."